உபகாரமேரியும் பதின்மூன்று தந்திகளும்

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் உபகாரமேரி வேலை பார்க்கும் கொட்டகையில் இருபத்தாறு வருஷமாகப் பாட்டு கிடையாது. அந்தச் சட்டத்தைப் போட்டது முதலாளி இல்லை, உபகாரமேரி. ஆயுத பூஜை அன்றுகூட மணியை வாசலுக்கு வெளியே கொண்டுபோய்த்தான் ஆட்டுவார்கள்.

காரணம் அவளுடைய வேலை. சூளையிலிருந்து வரும் கப்பை இடது கையில் மூன்று விரல் நுனியில் நிறுத்தி, வலது கையிலிருக்கும் தேக்குக் குச்சியால் விளிம்பில் ஒரு தட்டு தட்டுவாள். ‘ணங்’கென்று இழுத்தால் நல்ல கப். ‘டொக்’கென்று செத்தால் விரிசல். இரண்டுக்கும் நடுவில் ‘ஞிர்’ரென்று ஓர் ஓசை உண்டு. அடிப்பாகத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் ஓடியிருந்தால் அது வரும். முதல் இரண்டையும் வாட்ச்மேன்கூடச் சொல்லிவிடுவார். மூன்றாவதற்குத்தான் உபகாரமேரி.

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து கல்யாணமாகி வந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்கு முன் தட்டிக்கொண்டிருந்தவர் ஒரு வியாழக்கிழமை திட்டக்குடிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவர், வரவில்லை. குச்சி மட்டும் இருந்தது. உபகாரமேரி கழிவுக் குவியலிலிருந்து கப்புகளை எடுத்துத் தட்டினாள், கேட்டாள், பிறகு தரையில் போட்டு உடைத்து உள்ளே பார்த்தாள். எட்டு மாதம் உடைத்தாள். அந்தச் சில்லுகளின் மேல்தான் இப்போது சைக்கிள் ஸ்டாண்டு இருக்கிறது.

ஒன்பதாவது மாதத்திலிருந்து அவள் ‘போவும்’ என்றால் கப் பெட்டிக்குப் போகும், ‘போவாது’ என்றால் கழிவுத் தட்டுக்குப் போகும். நூற்றுக்கு ஆறு கழியும். இதில் மறுபேச்சு இருந்ததில்லை.

இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு வெளியில் வாழ்வது சுலபமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கீபோர்டில் ஒரு கட்டை அரை இழை இறங்கியிருக்கும். அந்தக் கட்டை வரும்போதெல்லாம் உபகாரமேரியின் முகம் ஒரு பக்கமாகப் போகும். பாடகர் குழு அதைப் பார்த்துப் பார்த்துத் தடுமாறியதால், கொஞ்சம் பின்வரிசையில் உட்காரும்படி கேட்டுக்கொண்டார்கள். அவளும் உட்கார்ந்தாள். வீட்டில் கணவன் ஆன்றோ, சேத்தியாத்தோப்பு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நாளெல்லாம் டிரைவர் தலைக்கு மேலே அலறும் பாட்டுகளைக் கேட்டுவிட்டு வருபவன். வீட்டில் அவனும் பாட்டு போடமாட்டான். கணவன் மனைவிக்குள் முழு ஒற்றுமை இருந்த விஷயங்களில் இது ஒன்று.

இந்த வருஷம் ஆடி மாதம் முதலாளி மதிவாணன் தட்டும் கொட்டகைக்கு வந்தான். அப்பாவுக்குப் பிறகு கம்பெனியை எடுத்து நடத்துகிறவன். முப்பத்தெட்டு வயது. எதைச் சொன்னாலும் போனைக் காட்டித்தான் சொல்வான்.

“மேரிம்மா, புது ஆர்டரு. மெட்ராஸுக்கு வெளிய ஜப்பான்காரங்க ஓட்டலு. எண்ணூறு டீ கப்பு. காதே கெடையாது.”

“காது இல்லாம எப்புடி புடிப்பாங்க?”

“ரெண்டு கையால புடிப்பாங்களாம்.”

“நம்ம ஆளுங்க ஒரு கையில போன வச்சிருப்பாங்களே,” என்றாள் அம்புஜவல்லி. கப்பின் அடியை ஈரப் பஞ்சால் துடைக்கும் வேலை அவளுடையது. உபகாரமேரிக்கு அடுத்தபடி கொட்டகையில் நாள்பட்டவள். பேசுவதில் முதலாவது.

ஓட்டலிலிருந்து மாதிரிக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். ஒரு கை கப்பை எடுக்கிறது, திருப்புகிறது, வைக்கிறது. அடிவிளிம்பு எத்தனை கனம் என்று பார்த்துச் சொல்லும்படி மதிவாணன் போனைக் கொடுத்தான். உபகாரமேரி ஒன்பது தடவை பார்த்தாள். அடிவிளிம்பு முதல் தடவையே தெரிந்துவிட்டது. மீதி எட்டு தடவையும் பின்னால் கேட்ட வாத்தியத்துக்காக.

ஒரு தந்தியை யாரோ சுண்டினார்கள். சத்தம் எழுந்து, நீண்டு, மெலிந்து, போயே போய்விட்டது. அடுத்ததை உடனே சுண்டவில்லை. காத்திருந்தார்கள். முதல் சத்தம் முழுவதும் தீர்ந்ததா என்று நின்று பார்த்த பிறகுதான் இரண்டாவது. உபகாரமேரிக்குத் தெரிந்த வரையில், உலகத்தில் அப்படிக் கேட்கிற ஆள் அவள் ஒருத்திதான். ஒரு கப்பின் ஓசை முழுக்க அடங்கும் முன் அடுத்ததைத் தொடமாட்டாள். இன்னோர் ஆள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

“இது என்னா வாத்தியம் தம்பி?”

“கப்ப பாருங்கன்னா...”

“கப்ப பாத்துட்டேன். ஒன்னர நூலு, கால் இஞ்சிக்கும் கம்மி. இது என்னா வாத்தியம்?”

மதிவாணன் ஓட்டலில் ஆர்டர் பார்க்கும் பிரபா என்ற பெண்ணுக்குச் செய்தி அனுப்பினான். பதில் வந்தது: கோட்டோ, பதின்மூன்று தந்தி, ஜப்பான் வாத்தியம். உபகாரமேரி அதை உள்ளங்கையில் பால்பேனாவால் எழுதிக்கொண்டாள்.

அன்று முதல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து, ஆன்றோவின் பழைய இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள். பத்து நாள் யாரும் கவனிக்கவில்லை. பதினோராம் நாள் அம்புஜவல்லி சாம்பார் டப்பாவோடு வந்து ஒரு பக்கத்து இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள்.

“ஒன்னும் கேக்கலயேக்கா.”

“இரு. வரும்.”

வந்தது. ஒரு சுண்டு. பிறகு ஒன்றுமில்லை.

“இம்மாந்தானா?”

“இன்னும் வரும்.”

“ஒரு தட்டு தட்டிட்டுப் போயி, டீ குடிச்சிட்டு வந்து அடுத்தத தட்டுறான். தினக்கூலி போல இருக்குது,” என்றாள் அம்புஜவல்லி. பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து கொட்டகைக்குள் போய், “ஏண்டி சாவித்திரி, அன்புக்கரசி, எல்லாரும் கேளுங்க! இருவத்தாறு வருசமா நம்ம வாயக் கட்டிப்போட்டுட்டு இந்தம்மா மட்டும் பாட்டு கேக்குது!” என்றாள்.

அநியாயம்தான். உபகாரமேரிக்கே அது தெரிந்தது. ஆனாலும் பாட்டு ஓடினால் கப் கேட்காது. அந்தப் பக்கம் ஆறு பெண்கள், இந்தப் பக்கம் ஒரு குச்சி. இரண்டு நாள் யாரும் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே போனை எடுத்து டிரேயின் மேல் சாய்த்து வைத்து, கோட்டோவைப் போட்டாள். ஒரு சுண்டு. அது அடங்கியது. அந்த இடைவெளியில் ஒரு கப்பைத் தட்டினாள். ‘ணங்.’ தெளிவாகக் கேட்டது. அடுத்த சுண்டு. அடங்கியது. அடுத்த கப்.

“போவும்,” என்றாள். கப்புக்கும் அது பொருந்தும், பாட்டுக்கும் பொருந்தும் என்று பெண்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் கேட்டது சினிமாப் பாட்டு. கிடைத்தது ஜப்பான். முதல் வாரம் முழுக்கப் புகார். தண்ணீர்த் தொட்டியில் யாரோ கரண்டியைப் போட்டுவிட்டதாக சாவித்திரி சொன்னாள். வாத்தியக்காரனுக்குப் பாட்டு மறந்துவிட்டது, யோசித்து யோசித்து வாசிக்கிறான் என்று அன்புக்கரசி சொன்னாள். இரண்டாவது வாரம் புகார் குறைந்தது. அடுத்த சுண்டு எப்போது வரும் என்று பந்தயம் கட்டினார்கள். பந்தயத்துக்காகக் கவனித்துக் கேட்டார்கள், கேட்டுக் கேட்டு அது பிடித்துப்போனது. யாரும் முடிவெடுத்துச் செய்ததில்லை. ஒரு நாள் சுண்டு வருவதற்கு முந்தைய நிமிஷம் ஆறு பேரும் கையை நிறுத்திக்கொண்டு இருப்பதை வாட்ச்மேன் பார்த்துவிட்டு, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். அம்புஜவல்லி தன் போனுக்கே அந்தச் சத்தத்தை மணியாக வைத்துக்கொண்டாள். முதல் சுண்டுக்கும் இரண்டாவது சுண்டுக்கும் நடுவிலேயே எதிர்முனையில் போனை வைத்துவிடுகிறார்கள் என்பது மட்டும் குறை.

மூன்றாவது வாரம் போன் தானாகவே வேறொரு வாத்தியத்துக்குப் போனது. மூன்று தந்தி, பெயர் ஷாமிசென். அதில் ஒரு தந்தியைத் தட்டினால் ‘ஞிர்’ரென்று வந்தது. உபகாரமேரியின் குச்சி அந்தரத்தில் நின்றது. அவள் வாழ்நாளெல்லாம் கழித்துத் தள்ளிய ஓசை. வாத்தியத்தில் விரிசல் என்று நினைத்தாள். ஆனால் அடுத்த ஆள் வாசித்ததிலும் வந்தது. அதற்கடுத்த ஆளிடமும். மதிவாணன் மூலம் பிரபாவிடம் கேட்டாள்.

பதிலை மதிவாணன் படித்துக் காட்டினான். “அந்த அதிர்வு தப்பில்லை. வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். அது வராவிட்டால் வாத்தியம் சரியில்லை என்பார்கள்.”

“திரும்பப் படிங்க தம்பி.”

மூன்று தடவை படித்தான்.

அந்த வாரம்தான் கழிவுத் தட்டு நிறைந்தது. நூற்றுக்கு ஆறு என்பது ஒன்பதாகி, பன்னிரண்டாகி, பதினேழில் நின்றது. சனிக்கிழமை லாரி ஏற வேண்டும். எண்ணூறில் இன்னும் நூற்றுப்பத்து குறைந்தது. மதிவாணன் சூளைக்காரர் பஞ்சநாதனைக் கூப்பிட்டு, சூடு சரியாக ஏறவில்லையா என்று கேட்டான்.

பஞ்சநாதன் பானை வனைகிற வீட்டில் பிறந்தவர். நெருப்பைப் பற்றி யாரும் அவரிடம் கேள்வி கேட்டதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் காலை ஒரு டிரேயோடு தட்டும் கொட்டகைக்கு வந்தார். டிரேயில் இருபது கப். எல்லாம் உபகாரமேரி கழித்தவை. கூடவே ஒரு சிவப்பு மை பாட்டில்.

“மேரி, இதெல்லாம் போவாதுன்னு சொன்னியாம்.”

“சொன்னேன்ணே.”

பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு கப்பிலும் மையைப் பூசினார். கீறல் இருந்தால் மை அதற்குள் இறங்கி, துடைத்த பிறகும் சிவப்புக் கோடாக நிற்கும். பூசினார், காத்திருந்தார், துடைத்தார். இருபது கப்பும் பால் மாதிரி வெள்ளையாக இருந்தன.

“கோடு எங்க?” என்றார்.

உபகாரமேரி ஒன்றை எடுத்துத் தட்டினாள். பக்கத்தில் கோட்டோ ஓடிக்கொண்டிருந்தது. “நல்லா இல்லண்ணே,” என்றாள்.

“என்னா நல்லா இல்ல?”

மறுபடி தட்டினாள். செத்த ஓசை இல்லை. ‘ஞிர்’ரும் இல்லை. நல்லா இல்லை, அவ்வளவுதான்.

“ஐம்பத்தொன்னு ஆவுதுல்ல உனக்கு,” என்றார் பஞ்சநாதன். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. “கடலூருல காது டாக்டரு ஒருத்தரு இருக்காரு. எம் மச்சானுக்குப் பாத்தாரு.”

அன்று முழுக்க உபகாரமேரி ‘போவாது’ என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் சாவித்திரி அந்தக் கப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கழிவில் வைத்தாள். இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒருத்தி திருப்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் கழித்ததில் நான்கு கப்புகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஆன்றோ இன்னும் டூட்டி முடிந்து வரவில்லை. சமையல் மேடையில் வரிசையாக வைத்துத் தட்டினாள். ‘ணங்.’ ‘ணங்.’ ‘ணங்.’ ‘ணங்.’ நான்கும் நல்ல கப். அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி தட்டினாள். நல்ல கப்தான். காதிலும் கோளாறு இல்லை, கப்பிலும் இல்லை. பிறகு போனை எடுத்துக் கோட்டோவைப் போட்டுத் தட்டினாள். நான்கும் கெட்டுப்போயின.

உட்கார்ந்து யோசித்தாள். ஒவ்வொரு கப்புக்கும் ஒவ்வொரு சுருதி இருக்கிறது. கனம் கொஞ்சம் கூடினால், குறைந்தால் மாறும். அதனால் டீ குடிக்கிறவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அந்தப் பதின்மூன்று தந்திகளில் எதனோடும் சேராத கப்புகளை அவள் மூன்று வாரமாகக் கழித்துக்கொண்டிருந்தாள். கப்பைச் சோதிக்கவில்லை. கச்சேரிக்கு ஆள் எடுத்திருக்கிறாள்.

அதைவிடப் பெரிய யோசனை அடுத்து வந்தது. நல்லதைக் கழித்த காது, கெட்டதை எடுக்காமல் இருந்திருக்குமா? ஷாமிசென் ஓடிய நாட்களை விரல் விட்டு எண்ணினாள். ஆறு நாள்.

ஆன்றோ வந்து, சாப்பாடு எங்கே என்று கேட்டான். மேடை முழுக்கக் கப்பாக இருந்தது.

“காது இல்லையே இதுல?” என்றான்.

“அது அப்புடித்தான்.”

வெள்ளிக்கிழமை காலை பஞ்சநாதனையும் மதிவாணனையும் கொட்டகைக்கு வரச்சொன்னாள். ஆறு பெண்களும் இரண்டு ஆண்களும் நிற்க, அவள் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

“சூளையில ஒன்னும் கோளாறு இல்ல. எங் காதுலயும் இல்ல. கப்பு பாட்டோட சேரல, அதான் கழிச்சேன். அது எந் தப்பு.”



“என்னாத்தோட சேரல?” என்றார் பஞ்சநாதன்.

“பாட்டோட.”

“கப்பு எதுக்கு பாட்டோட சேரணும்?”

“சேர வேணாம். அதத்தான் சொல்றேன்.”

மதிவாணனுக்கு முகம் மலர்ந்தது. “அப்போ கழிவுலேருந்து நல்லத எடுத்தா நூத்திப்பத்து வந்துடும்! நாளைக்கு லாரி ஏத்திடலாம், மேரிம்மா!”

“ஏத்த முடியாது. கட்டுன பெட்டிய பிரிக்கணும். எல்லாத்தையும் திரும்பத் தட்டணும்.”

“அதெல்லாம் நீங்க போவும்னு சொன்னதுதானே?”

“நான் சொன்னதாலதான் பிரிக்கணும்.”

மதிவாணன் போனை எடுத்தான், பார்த்தான், பையில் வைத்துக்கொண்டான். லாரியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டான். அன்றும் மறுநாளும் பெண்கள் பெட்டி பிரித்து வைக்கோலைக் கழற்றிக் கொடுக்க, ஒரு சத்தமும் இல்லாத கொட்டகையில் உபகாரமேரி தட்டினாள். கழிவிலிருந்து நூற்றுப்பதினான்கு நல்ல கப் திரும்பி வந்தது. பெட்டியிலிருந்தவற்றில் அறுநூற்று எண்பத்தொன்பது கப் ‘ணங்’ என்றன.

ஒன்று ‘ஞிர்’ என்றது.

அவளுக்கு அந்தக் கப் நினைவிருந்தது. போன செவ்வாய்க்கிழமை. தட்டிவிட்டு, இன்னொரு தடவை தட்டி, புன்னகையோடு ‘போவும்’ என்று சொன்னாள். அதை அம்புஜவல்லியும் பார்த்திருந்தாள்.

“அண்ணே, மை,” என்றாள்.

பஞ்சநாதன் பூசித் துடைத்தார். அடியில் ஒரு சிவப்பு முடி நின்றது. அவர் கப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எண்ணூறில் ஒன்றே ஒன்று. அவள் சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது.

“காது டாக்டருகிட்ட எம் மச்சானயே திரும்ப அனுப்பிக்கிறேன்,” என்றார்.

திங்கட்கிழமை லாரி போனது. உபகாரமேரி தட்டும் இடத்தில் உட்கார்ந்து, போனை அணைத்துப் பையில் வைத்தாள். பழைய சட்டம் திரும்பி வந்தது. ஒரு மணி நேரம் கூடத் தாங்கவில்லை.

“மேரிக்கா, தப்பு நீ பண்ண. தண்டன எங்களுக்கா?” என்றாள் அம்புஜவல்லி.

“கரண்டி வுழுற சத்தம்னு சொன்னீங்களே.”

“அது அப்போ. இப்ப கரண்டி வுழுலன்னா கை ஓடல.”

உபகாரமேரி அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரை யோசித்தாள். பிறகு பஞ்சநாதனிடம் நூறு கப் கேட்டாள். அதில் பத்து விரிசல் கப்புகளைக் கலந்து, எது எது என்று அவருக்கு மட்டும் தெரியும்படி வைக்கச் சொன்னாள். பாட்டில்லாமல் தட்டினாள்: பத்தையும் பிடித்தாள். கோட்டோவோடு தட்டினாள்: பத்தையும் பிடித்து, நல்லதில் ஏழையும் கழித்தாள். ஷாமிசெனைப் போடவே இல்லை. அதில் அவளுக்கே அவள்மேல் நம்பிக்கை இல்லை. கடைசியாக, ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழலைப் போட்டாள். அதை ஒரு மாதம் முன்பே கேட்டு வைத்திருந்தாள். ஊதுகிறவர் ஒரு மூச்சு ஊதி, அது கரைந்த பிறகு இன்னொரு மூச்சு எடுக்கிறார். தட்டுவதற்கு இடம் தாராளமாக இருந்தது. தந்தி மாதிரி ஓரிடத்தில் நிற்காமல் சுருதி வழுக்கிக்கொண்டே போனதால், கப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதில் பிடிமானம் இல்லை. பத்தைப் பிடித்தாள். பத்து மட்டும்.

பஞ்சநாதன் துண்டுச் சீட்டைச் சரிபார்த்து, “குழலு போவும்,” என்றார்.

இப்போது கொட்டகையில் காலை ஒன்பதிலிருந்து மூங்கில் குழல்தான். யாரோ மாடி ஏறி வந்து மூச்சு வாங்குவது போலிருக்கிறது என்று சாவித்திரி சொல்லியிருக்கிறாள். இது முதல் வாரம் என்பதால் உபகாரமேரி அதைப் பொருட்படுத்தவில்லை. கோட்டோ மதியச் சாப்பாட்டு நேரத்தில், சைக்கிள் ஸ்டாண்டில், ஏழு பேருக்கும்.

ஷாமிசென் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, குழம்பு கொதிக்கும் நேரத்தில் போடுகிறாள். சமையல் மேடையில் அந்தச் சிவப்புக் கோடு போட்ட கப் இருக்கிறது. ‘ஞிர்’ரென்று தந்தி வரும் இடத்தில் குச்சியால் அவளும் ஒரு தட்டு தட்டுகிறாள். முதல் ஞாயிறு ஆன்றோ பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தான். அவன் வீட்டில் பாட்டு கேட்டதும் அதற்கு எழுந்து போகாததும் முதல் தடவை.

“அது விரிசல் கப்புதானே?”

“ஆமா.”

“நல்லாத்தான் இருக்குது.”

“நல்லாத்தான் இருக்குது,” என்றாள் உபகாரமேரி. “ஆனா போவாது.”